பத்துக்கு மூன்று

1

ஊரில் இருக்கிற உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. ஆகவே எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: போன மாதம் நான் பெற்ற மகளுக்கு நானே பத்துக்கு மூன்று புள்ளி போட்டேன். போட்டதோடு நிற்காமல் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன்.

நோர்வேக்கு வந்து பதினேழு வருடமாகிறது. இந்த நாட்டுக்காரருக்கு எதையாவது அளக்காமல் இருக்க முடியாது. பனி எத்தனை சென்டிமீட்டர், காற்று என்ன வேகம், குளிர் எத்தனை பாகை என்று காலையில் எழும்பியதும் அளந்து சொல்லிவிட்டுத்தான் கோப்பி குடிப்பார்கள். இப்போது பிள்ளைகளையும் அளக்கிறார்கள். உயரம், எடை எல்லாம் இல்லை. நாட்டில் இருக்கிற பிள்ளைகளும் இளம் ஆட்களும் நன்றாக இருக்கிறார்களா, சிரிக்கிறார்களா, தூங்குகிறார்களா, மனதில் ஒரு பாரம் இருந்தால் இறக்கிவைக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டு அளக்கிறார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருந்து ஒரு தாளை நிரப்புவார்கள். பெற்றோருக்கு வீட்டுக்கு இன்னொரு தாள் வரும். எல்லாத் தாள்களையும் கூட்டிப் பெருக்கி, நாட்டின் பிள்ளைகள் இன்ன நிலையில் இருக்கிறார்கள் என்று வெளியிடுவார்கள். நல்ல காரியம்தான். நான் குறை சொல்ல வரவில்லை.

எனக்கு வந்த தாள் தமிழில் இருந்தது. தமிழ் என்றுதான் சொல்ல வேண்டும். ‘தங்கள் பிள்ளையின் உளவியல்சார் நல்வாழ்வினை எங்ஙனம் மதிப்பிடுகிறீர்கள்?’ என்று முதல் கேள்வி. இதை மொழிபெயர்த்த ஆளை ஒருநாள் எங்கள் ஊர்ப்பக்கம் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்தத் தமிழிலேயே ஒரு கிலோ கெளுத்தி வாங்க வைக்க வேண்டும் என்று எனக்குக் கை துருதுருத்தது.

அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் பேனை. சைபர் என்றால் மிக மோசம், பத்து என்றால் மிக நன்று என்று மேலே எழுதியிருந்தது. என் மகள் கோபிகாவுக்குப் பதினான்கு வயது. நல்ல பிள்ளை. பேனை தன்பாட்டில் ஒன்பதுக்குப் போனது. போன இடத்திலேயே நிறுத்தினேன். ஒன்பதா? வெள்ளைத்தாளில், கறுப்பு மையில், ஊர் பேர் தெரியாத எத்தனை பேர் பார்க்கப்போகிற தாளில், என் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நானே எழுதிக் கொடுப்பதா?

உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. பேனையை இழுத்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். பிறகு வேலை சுலபமாகிவிட்டது. சந்தோசமாக இருக்கிறாளா? நாலு. தூக்கம்? மூன்று. கூட்டாளிமார்? நாலு. சாப்பாடு என்ற கேள்விக்கு மட்டும் வேண்டுமென்றே இன்னும் இறக்கி இரண்டு போட்டேன். ஏனென்றால் அவளிடம் இருக்கிற குணங்களுக்குள் வெளியில் அப்பட்டமாகத் தெரிவது அந்த நன்றாகச் சாப்பிடுகிற குணம்தான்.

கடைசியில் ஒரு பிழை செய்தேன். தாளின் தலையிலேயே ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயர் இல்லாமல் ஒரு படிவத்தை எப்படிக் கொடுப்பது? நாங்கள் மாவட்டக் கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் வரிசையில் நின்று வளர்ந்த ஆட்கள். முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு எல்லாம் எழுதிக் கொடுத்தே ‘இதில் ஒன்று குறையுது, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆட்கள். மொட்டைக் கடிதம் மாதிரி ஒன்றை நீட்டினால் யார் மதிப்பார்கள்? என் பெயர், மகளின் பெயர், வகுப்பு, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஓரத்தில் அழகாக எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தேன். உறையில் போட்டு மகளின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

2

எங்கள் ஊரிலும் பிள்ளைகளை அளந்தார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்களுக்கு அப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மிட்வைப் மிஸ்ஸி, அதாவது மருத்துவிச்சி, குறுமண்வெளித் துறையில் தன்னுடைய சைக்கிளோடு ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கி, எங்கள் ஊருக்கு வருவார். பாலர் பாடசாலையின் கூரை வளையில் ஸ்பிரிங் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, பிள்ளைகளைத் தராசுத் துணிக்குள் இறக்குவதும் தூக்குவதும் வேலை. சம்பளம் கிடையாது. மிஸ்ஸி வாங்கித் தருகிற பனிசும் பிளேன்ரீயும்தான்.

அந்தத் தராசுக்கு முன்னால் தாய்மார் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும். பிள்ளை பூசணிக்காய் மாதிரி இருக்கும். கன்னம் இரண்டும் தொங்கும். துணிக்குள் இறக்கினால் வளை முனகும். தாய் முகத்தைச் சுண்டிக்கொண்டு சொல்வாள்: “என்னத்தச் சொல்ல மிஸ்ஸி, ஒண்டும் தின்னுதில்ல. காத்தத்தான் குடிச்சிக்கொண்டு கிடக்கு.”

“ஓம் ஓம், பாக்கவே தெரியிது. நல்லாத்தான் மெலிஞ்சி போச்சி,” என்பார் மிஸ்ஸி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நிறையை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் அவருடைய தொழில் இரகசியம். முள் எதில் நிற்கிறது என்று நான் கண்ணால் காட்ட, அவர் அட்டையில் ஒரு புள்ளி குத்தி, அட்டையை மூடித் தாயின் கையில் வைப்பார். தாய் வெளியே போய், வேலியோரம் நின்று, யாரும் பார்க்காத நேரம் திறந்து பார்ப்பாள். புள்ளி பச்சை நிறத்துக்குள் இருந்தால் அவள் முகம் மலரும். உடனே அதையும் மறைத்துக்கொண்டு, பிள்ளையின் கன்னத்தில் இருக்கிற கறுத்த பொட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஒருதடவை மிஸ்ஸி லீவில் போக, வேறு இடத்தில் இருந்து ஒரு புது மிஸ்ஸி வந்தார். பாவம், நல்ல பிள்ளை. தராசைப் பார்த்துவிட்டு, “ஆ! ஒன்பதரைக் கிலோ! நல்ல வளர்த்தி! கைதட்டுங்க எல்லாரும்!” என்று சத்தமாகச் சொல்லிப்போட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குத் தடிமன் வந்தது. அதற்கடுத்த இரண்டு மாதம் எங்கள் ஊரில் நிறுவைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

மிஸ்ஸி திரும்பி வந்தபோது நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு சொன்னார்: “இஞ்சபார் புள்ள, தாய் குறை சொல்லிக்கொண்டு நிண்டாள் எண்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு கோதாரி நோயும் இல்ல. வாயே திறக்காம நிக்கிறாளே, அவட பிள்ளையத்தான் நான் ரெண்டு தரம் பாப்பன்.”

அவருக்கு எங்கள் பேச்சைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் யாருக்குத் தெரியும்?

3

நான் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கோபிகாவின் பள்ளிக்கூடத்துத் தாதி. சில்யா என்று பெயர். “கொஞ்சம் கதைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வரமுடியுமா? பயப்பட ஒன்றுமில்லை” என்றாள். இந்த நாட்டில் யாராவது பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் எனக்கு அப்போதுதான் பயம் தொடங்கும். நீங்கள் அனுப்பிய தாளைப் பற்றியும் கதைக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் ஒழுங்கு செய்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு நான் உரித்த கிழங்கில் தோலோடு பாதிக் கிழங்கும் போய்விட்டது.

இங்கே எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் சிறுவர் பாதுகாப்பு ஆட்கள் வந்து பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன கதை ஒன்று வந்தே தீரும். யாரோ ஒரு தாய், எங்கேயோ ஒரு ஊர். எது உண்மை, எது ஊதிப் பெருத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததுதான் கூடப் பயம்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிற ஆள். பயணிகளிடம் பதினைந்து வருடமாக ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர். மிச்சமெல்லாம் வீட்டுக்குத்தான். விசயத்தைச் சொன்னதும், “உனக்கென்ன விசராகா, பைத்தியமா?” என்று தொடங்கினார். “மூண்டு போட்டிருக்காய், ரெண்டு போட்டிருக்காய், சாப்பாட்டுக்கு ரெண்டாம்! அவள் காலையில பாண் திண்ட விதத்தப் பாத்தனியா? மறுகா பேரும் எழுதிக் கையெழுத்தும் வெச்சிருக்காய்! பிள்ளைய வளக்கத் தெரியாத ஆக்கள் எண்டு அவனுகள் நினைக்கமாட்டானுகளா?”

“நீங்க எண்டா என்ன போட்டிருப்பீங்க? பத்தா?”

“பத்தெண்டு போட ஏலாதுதான்... ஒரு ஆறு போட்டிருக்கலாம்,” என்றார். அந்த ஆறைச் சொல்லும்போதே அவர் குரல் பதுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, களுவாஞ்சிக்குடியில் இருக்கிற அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீ சரியாத்தானேகா செஞ்சிருக்காய்! ஆராவது தன்ட பிள்ளைக்குத் தானே பத்துப் போடுவாளா? அவனுகளுக்கு என்ன தெரியும்? நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?” என்றாள். அவள் பட்ட பாடு இதுதான்: அவளுடைய மகன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தபோது, பள்ளிக்கூடத்து ஆட்கள் சந்தியில் அவனுடைய பெரிய படத்தோடு ஒரு பதாகை கட்டிவிட்டார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை. முதல்நாள் பார்த்துப் பார்த்து அழுதாள். அடுத்த நாள் ஆள் வைத்து அந்தப் படத்தின் கன்னத்தில் கறுத்த மையால் ஒரு பொட்டு வைப்பித்தாள். இன்றைக்கும் அந்த ஊரில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

“பிள்ளை எப்பிடி இருக்காள்?” என்று வழக்கம்போல அக்கா கேட்டாள்.

“என்னத்த எப்பிடி? கறுத்து மெலிஞ்சி போனாள். படிப்பும் இல்ல ஒண்டும் இல்ல. சோம்பேறிக் கழுதை,” என்று வழக்கம்போல நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் பேசுகிற பேச்சு இது. அக்கா தன் மகனைத் திட்டுவாள், நான் என் மகளைத் திட்டுவேன். இரண்டு பேருக்கும் மனம் நிறைந்துபோகும். கோபிகா அந்த நேரம் சோபாவில் காதுகளில் ஹெட்போனோடு படுத்துக் கிடப்பாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பதினொரு வயதோடு விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் நோர்ஸ்க் மொழியில் பதில் சொல்வாள். எங்கள் பேச்சு அவளுக்கு வானொலியில் போகிற வேற்றுநாட்டுச் செய்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

4

சில்யாவின் அறையில் மெத்தென்ற கதிரைகள். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. அதைக் கண்டதும் எனக்கு இன்னும் பயம். அழ வைக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று விளங்கிவிட்டது. இவருக்கு அன்றைக்கு பஸ் ஓட்டம், நான் தனியே போயிருந்தேன். மேசை நடுவில் ஒரு தொலைபேசி, அதற்குள் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக் குரல், என் தம்பி வயதுதான் இருக்கும். குசினியில் பேசுகிற நோர்ஸ்க் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பிள்ளையைப் பற்றிப் பேச அது போதாது.

“அக்கா, பிள்ளையின்ர சாப்பாட்டுக்கு ரெண்டு எண்டு போட்டிருக்கிறியளாம். வீட்டில ஏதும் கஷ்டமோ, இல்லாட்டி பிள்ளை சாப்பிடாமல் விடுறாவோ எண்டு அவா கேக்கிறா.”

“ஐயோ தம்பி, அவள் மூண்டு ஆள் சாப்பாட்டத் தனிய சாப்பிடுவாள்!” என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். தொலைபேசிக்குள் அந்தத் தம்பி இருமினான். அவனுக்கு விளங்கிவிட்டது. சில்யாவுக்கு விளங்கவில்லை. அவளுடைய பேனை காற்றில் நின்றது.

பிறகு நான் சொன்னேன். கண்ணூறு என்று ஒன்று இருக்கிறது, நாவூறு என்று இன்னொன்று இருக்கிறது, அடுத்தவர் கண்ணைவிடப் பெற்ற தாயின் வாய் பொல்லாதது, ஆகவே நாங்கள் பிள்ளையை நல்லது என்று வாயால் சொல்லமாட்டோம், எழுதவும் மாட்டோம். மூன்று என்றால் ஒன்பது என்று எடுங்கள். இரண்டு என்றால் பத்து என்று எடுங்கள். அந்தத் தம்பி இதையெல்லாம் நான் சொன்னதற்கும் மேலாக விளக்கினான். நான் இரண்டு நிமிடம் பேசினால் அவன் ஐந்து நிமிடம் பேசினான். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே.

சில்யா சிரித்தாள். சிரித்துவிட்டு மேசைப் பலகையில் மூன்று தரம் தட்டினாள். “எங்களுக்கும் இருக்கிறது,” என்றாள். “நல்லது ஒன்றைச் சொன்னால் உடனே மரத்தில் தட்டுவோம், அது கெட்டுப்போகாமல் இருக்க.” எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக ஒரு நோர்வேக்காரி எங்கள் வாவிக்கரைப் பெண்ணாகத் தெரிந்தாள். எல்லாம் முடிந்தது, எழும்பலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

“ஆனால்,” என்றாள் சில்யா, “நாங்கள் நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் தட்டுவோம். நீங்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறீர்கள்.”

பையைத் திரும்ப மடியில் வைத்தேன்.

நாடு அளப்பதற்காகப் பிள்ளைகள் வகுப்பில் நிரப்பிய தாளில் கோபிகா என்ன போட்டாள் என்று தனக்குத் தெரியாது, அதில் பெயர் இல்லை என்றாள். ஆனால் அந்தத் தாளை நிரப்பிய அடுத்த நாள் கோபிகா தானாகவே இந்த அறைக்கு வந்தாளாம். இரண்டு தரம் வந்தாளாம். அவள் சொன்னதைச் சில்யா எழுதி வைத்திருந்தாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்று கோபிகாவே சம்மதம் கொடுத்தாளாம். தன் வாயால் சொல்ல முடியவில்லையாம்.

சில்யா வாசித்தாள். அந்தத் தம்பி வரி வரியாகத் தமிழில் சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் அவன் குரல் இறங்கிக்கொண்டு போனது.

“‘அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில பெரியம்மாவோட கதைப்பா. என்னைப் பற்றித்தான் கதைப்பா. நான் கறுத்து மெலிஞ்சு போனனாம். படிப்பு வராதாம். சோம்பேறியாம், கழுதையாம். எனக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைக்கிறா. எனக்கு எல்லாம் விளங்கும். நான் காதில போட்டிருக்கிறதில பாட்டுப் போறதில்லை. எப்பவாவது நல்லதா ஒண்டு சொல்லுவா எண்டு கேட்டுக்கொண்டு கிடப்பன். என்னட்ட நல்லது ஒண்டு இருந்தால் பெரியம்மாவுக்கு ஒரு தரமாவது சொல்லியிருப்பாதானே.’ அவ்வளவுதான் அக்கா.”

பிறகு தொலைபேசிக்குள் இருந்து, “அக்கா, தண்ணி குடியுங்கோ,” என்று அவன் சொன்னான். அதை யாரும் அவனை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கைக்குட்டைப் பெட்டியை நானே இழுத்தேன்.

5

திரும்பி வருகிற பஸ்ஸில் என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். நான் என்ன, பிள்ளையை அடித்தேனா, பட்டினி போட்டேனா? அவளைக் காப்பாற்றத்தானே அத்தனை பொய்யும். கோபிகா குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து கிழமை கிடந்தாள். அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது ஒருநாள், மனம் பொங்கிப்போய் நான் அக்காவிடம் வாய்விட்டேன்: “நடக்கிறாள் அக்கா, எட்டுப் பல்லு, அம்மா எண்டு கூப்பிடுறாள், கொழுத்து உருண்டை மாதிரி இருக்காள்.” அன்றைக்குப் பின்னேரமே அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அம்புலன்சில் அவளுடைய கை என் கைக்குள் விறைத்துக் கிடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காய்ச்சல் கூடினால் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி வரும், பயமில்லை என்று டொக்டர் சொன்னார். அவருடைய படிப்பு அப்படிச் சொன்னது. என் வாய் எனக்கு வேறு சொன்னது. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு என் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சொல் என் வாயில் வந்ததில்லை.

பன்னிரண்டு வருடம். அவ்வளவு காலமும் நான் கண்ணூறு என்கிற பூதத்தை ஏமாற்றுகிறேன் என்று நினைத்து என் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறேன். பூதம் என் பேச்சை நம்பியதோ என்னவோ, அவள் நம்பிவிட்டாள்.

வீட்டுக்குள் போனபோது கோபிகா குசினியில் பாணுக்குச் சீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு நின்றாள். நான் எங்கே போய் வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நான் போய் அவளுக்கு முன்னால் நின்றேன். சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பயம், நிசமான பயம்: சொன்னால் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போது என் புத்தி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. கண்ணூறுக்கு நோர்ஸ்க் தெரியாது. ஆகவே நான் நோர்ஸ்க்கில் சொன்னேன். நீ கெட்டிக்காரப் பிள்ளை, உன்னை நினைத்து எனக்குப் பெருமை, அம்மா சொன்னது எல்லாம் பொய் என்று, முதியோர் இல்லத்தில் கிழவிமாருக்கு இன்றைய சாப்பாடு என்ன என்று சொல்கிற அந்த நோர்ஸ்க்கில், மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

கோபிகா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவ்வளவும் கேட்டும் நம்பவில்லை என்று எனக்கு விளங்கியது. பிறகு அவள் வாயைத் திறந்தாள். மூன்று வருடமாக என்னோடு அவள் பேசாத மொழியில், தடக்கித் தடக்கி, சொன்னாள்:

“தமிழ்ல சொல்லுங்க அம்மா. நீங்க... பேசினது எல்லாம் தமிழ்லதானே.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“மனே, என்ட மகளே,” என்றேன். பிறகு வந்தது. வந்தது என்றால் அடைத்த வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்த மாதிரி வந்தது. “என்ட மகள் நல்ல பிள்ள. என்ட மகள் வடிவு. பக்கத்து வீட்டு மனிசன்ட படிக்கட்டில கிடக்கிற பனிய ஆரும் சொல்லாம நீதான் அள்ளிப் போடுறாய், எனக்குத் தெரியும். எனக்கு ஒப்பரேசன் செஞ்ச நேரம் அப்பாக்கும் எனக்கும் மூண்டு கிழமை சாப்பாடு கட்டித் தந்தாய். என்ட பிழையான நோர்ஸ்க் கடிதத்த எல்லாம் சிரிக்காமத் திருத்தித் தாறாய். உனக்குக் கணக்கு தண்ணி மாதிரி வரும். நீ குளிக்கக்குள்ள பாடுறத நான் கதவுக்குப் பக்கத்தில நிண்டு கேக்கிறனான். உன்னப் போல ஒரு பிள்ள எனக்குக் கிடைக்க நான் என்ன செஞ்சனோ தெரியாது. சொல்லப் பயந்துதான் சொல்லல்ல மனே. உன்னில ஆசை இல்லாம இல்ல.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. என்னுடைய கைப்பையைத் திறந்து, என் தொலைபேசியை எடுத்து, மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள்.

“பெரியம்மாக்குச் சொல்லுங்க,” என்றாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் ஞாயிறு தவிர வேறு நாளில் எடுத்தால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் அக்கா நினைப்பாள். எடுத்தேன். ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி கோபிகா கை காட்டினாள். போட்டேன்.

“என்னகா, என்ன நடந்த? பிள்ளையக் கொண்டு போயிற்றானுகளா?” அக்கா அழுகிற குரலில் கேட்டாள்.

“இல்ல அக்கா. பிள்ள இஞ்ச பக்கத்திலதான் இருக்காள்.”

“அப்பாடா. எப்பிடி இருக்காள்?”

கோபிகா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“நல்லா இருக்காள் அக்கா. என்ட மகள் சரியான நல்ல பிள்ள. உனக்கு நான் இவ்வளவு காலமும் சொன்னதெல்லாம் பொய்.”

அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. “ஐயோ, உனக்கென்னகா நடந்த? வாய மூடுகா! வாயக் கழுவு! கடவுளே, இவள் என்ன கதைக்கிறாள்!” என்று அக்கா பதறினாள். எனக்கும் பயம்தான். கோபிகா கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். தன் தோளை என் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் வாயை மூடவில்லை. “அக்கா, கேளு,” என்றேன். “இன்னும் நிறையக் கிடக்கு சொல்ல.”